நாணயம் செல்லாமல் போகும் முன்னே

ஊராரே, ஆடி பிறக்க இன்னும் பத்து நாள்கூட இல்லை. அதற்குள் இதைச் சொல்லியாக வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. கம்பம் நட்டு, காப்புக் கட்டி, பந்தல் போட்டு, மைக் செட் பாட ஆரம்பித்துவிட்டால் நல்ல வார்த்தை எதுவும் காதில் ஏறாது. அதனால் இப்போது கேளுங்கள். என்மேல் கோபம் வந்தாலும் கேளுங்கள்.

போன மாதம் சேலத்தில் ஒரு பாட்டுக் கச்சேரி. எங்கள் தெருப் பையன்கள் ஐந்து பேர் ஆத்தூரிலிருந்து கிளம்பிப் போனார்கள். இரண்டு பேர் டிக்கெட் எடுத்தார்கள். மூன்று பேர் ஜெனரேட்டர் வண்டி நின்ற பக்கம் தகரத் தடுப்பை நகர்த்தி உள்ளே நுழைந்தார்கள். மறுநாள் டீக்கடையில் அந்த மூவர்தான் கதாநாயகர்கள். எப்படித் தடுப்பை நகர்த்தினோம், எப்படிக் காவலுக்கு நின்றவன் கண்ணில் படாமல் குனிந்து போனோம், எப்படி டிக்கெட் எடுத்தவனைவிட முன்னால் போய் நின்றோம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். டிக்கெட் எடுத்த இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டு டீ குடித்தார்கள். பெஞ்சில் இருந்த பெரியவர்கள் சிரித்தார்கள். அதில் ஒருவர், என் வயதுக்காரர், பேரன் பேத்தி எடுத்தவர், "கெட்டிக்காரனுங்கடா" என்றார்.

பையன்கள் செய்தது எனக்குப் பயம் தரவில்லை. நானும் பையனாக இருந்தவன்தான், அதைப் பிறகு சொல்கிறேன். அந்தச் சிரிப்புதான் பயம் தந்தது. ஏமாந்தவனைப் பார்த்துச் சிரிக்கிற ஊரைப் பார்த்திருக்கிறேன். ஏமாற்றாதவனைப் பார்த்துச் சிரிக்கிற ஊரை அன்றுதான் பார்த்தேன்.

மூவரில் ஒருவன் என் அக்கா மகன். வீட்டுக்கு வந்தபோது கேட்டேன். அவன் கொஞ்சமும் தயங்கவில்லை. "சரி, தப்புங்கறது ஆளுக்கு ஆள் மாறும் மாமா. உங்களுக்கு அது திருட்டு. எனக்கு அது அட்ஜஸ்ட்மென்ட். ரெண்டு பேரும் கரெக்ட்தான்." சொல்லிவிட்டு அக்கா கொடுத்தனுப்பிய முறுக்கு டப்பாவைத் திறந்து வைத்தான். நல்ல பிள்ளை. தெருவில் யார் வீட்டில் மோட்டார் ரிப்பேர் என்றாலும் முதலில் ஓடுகிறவன். அவன் வாயிலிருந்து இந்தப் பேச்சு வருகிறதே என்றுதான் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்தப் பேச்சு புதுசும் இல்லை. இரண்டாயிரத்து நானூறு வருஷத்துக்கும் முந்தையது. ஹெரடோட்டஸ் என்ற கிரேக்கர் எழுதிவைத்த கதை ஒன்று உண்டு. பாரசீக ராஜா டேரியஸ் தன் சபையில் இருந்த கிரேக்கர்களைக் கூப்பிட்டு, எவ்வளவு பணம் கொடுத்தால் செத்துப்போன தகப்பனின் உடம்பைத் தின்பீர்கள் என்று கேட்டாராம். எவ்வளவு கொடுத்தாலும் முடியாது என்றார்கள். பிறகு அப்படித் தின்பதையே வழக்கமாகக் கொண்ட ஒரு கூட்டத்தாரை அழைத்து (அவர்கள் இந்தியர்கள் என்று எழுதிவைத்திருக்கிறார், எந்த ஊர் இந்தியரோ) எவ்வளவு கொடுத்தால் தகப்பனை எரிப்பீர்கள் என்று கேட்டாராம். அவர்கள் அலறினார்களாம். பார்த்தீர்களா, ஒருவனுக்குப் புண்ணியம் இன்னொருவனுக்குப் பாவம், ஆகவே சரியும் தப்பும் ஊர் வழக்கம்தான், வேறொன்றும் இல்லை என்று சொல்கிறவர்களுக்கு இந்தக் கதை பெரிய ஆயுதம்.

கதையை இன்னொரு தடவை படியுங்கள். எரித்தவனும் சரி, தின்றவனும் சரி, செத்த தகப்பனுக்குத் தான் செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது என்பதில் சந்தேகப்பட்டானா? தகப்பனைக் குப்பையில் போட்டுவிட்டு, இது என் நியாயம் என்று சொன்னவன் அந்தச் சபையில் ஒருவனாவது இருந்தானா? செய்கிற விதம் மாறியது. செய்யவேண்டிய கடன் மாறவில்லை.

நம் பக்கமே பாருங்கள். கல்யாணத்துக்குப் போனால் மொய். இன்று நாம் வைத்த நூற்றொரு ரூபாய் நோட்டில் ஏறி, பதினைந்து வருஷம் கழித்து நம் வீட்டு விசேஷத்தில் திரும்பி வரும். தெருக்கூத்துக்குப் போனால் டிக்கெட் இல்லை, விடிய விடிய யாரும் உட்காரலாம். ஆனால் அது இலவசமா? ஊர் வரியில் வாத்தியாருக்கும் வேஷக்காரருக்கும் கூலி போகிறது. அதுக்கு மேலே ஆசைப்பட்டு நூறு ரூபாய் கொடுத்தவன் பெயரைக் கோமாளி நடுக்கூத்தில் நிறுத்திச் சொல்கிறான். அன்னதானத்தில் காசு வாங்கமாட்டார்கள், இலை எடுக்க ஒரு கை வேண்டும். ஏற்காட்டுக் கோடை விழாவில் மலர்க் கண்காட்சிக்கு நுழைவுச் சீட்டு. சினிமாவுக்கு டிக்கெட், அதில் ஒரு பங்கு கேளிக்கை வரியாக நம் நகராட்சிக்கே வருகிறது, அதாவது நம் சாக்கடைக்கும் தெருவிளக்குக்கும். காசாகக் கேட்கிற இடம் உண்டு, அரிசியாகக் கேட்கிற இடம் உண்டு, உழைப்பாகக் கேட்கிற இடம் உண்டு, திருப்பிச் செய்வதாகக் கேட்கிற இடம் உண்டு. வா, தின்னு, அனுபவி, யாருக்கும் எதுவும் கடன்பட்டவன் இல்லை என்று போ என்று சொல்கிற இடம் இந்த வசிஷ்ட நதிக்கரையிலும் இல்லை, நான் கேள்விப்பட்ட எந்த நதிக்கரையிலும் இல்லை.

மாறுகிறதைக் காட்டி மாறாததை மறைக்காதீர்கள், பிள்ளைகளே.

சாக்குகள் எனக்குத் தெரியும். எல்லாச் சாக்கையும் நானே ஒரு காலத்தில் சொன்னவன். நாற்காலி காலியாகத்தானே கிடந்தது, நான் உட்கார்ந்ததால் யாருக்கு நஷ்டம் என்பீர்கள். உன் மரவள்ளிக் காட்டில் இரண்டு கிழங்கைப் பிடுங்கிக்கொண்டு, இவ்வளவு கிழங்கு கிடக்கிறதே, யாருக்கு நஷ்டம் என்று ஒருவன் சேகோ பாக்டரி வரைக்கும் உன்னோடு பேசிக்கொண்டே வந்தால் கேட்டுக்கொள்வாயா? நான் ஒருத்தன்தானே என்பீர்கள். அந்தத் தகரத் தடுப்பை நகர்த்திய ஒவ்வொருவனும் நான் ஒருத்தன்தானே என்றுதான் நகர்த்தினான். எல்லாரும் ஒருத்தன்தான்.

நடத்துகிறவன் மட்டும் யோக்கியனா என்பீர்கள். இதில் உண்மை இருக்கிறது, மறைக்கமாட்டேன். 2023 செப்டம்பர் 10 அன்று சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏ.ஆர். ரஹ்மானின் 'மறக்குமா நெஞ்சம்' நிகழ்ச்சி நடந்தது. ஆயிரக்கணக்கில் காசு கொடுத்து டிக்கெட் எடுத்த குடும்பங்கள் நெரிசலில் சிக்கி, கைக்குழந்தையோடு வாசலிலேயே நின்று திரும்பின. உள்ளே வர முடியாதவர்கள் டிக்கெட் நகலை அனுப்புங்கள் என்று ரஹ்மானே அறிவிக்கவேண்டி வந்தது. இருக்கிற இடத்துக்கு மேல் ஆளைக் கூட்டுகிறவனும் தடுப்பை நகர்த்துகிறவனும் எனக்கு ஒரே தராசில்தான். அவனிடம் கேளுங்கள், கோர்ட்டுக்குப் போங்கள், பணத்தைத் திருப்பி வாங்குங்கள். ஆனால் அவன் திருடினான் என்பது நீ திருடுவதற்கு ரசீது ஆகாது.

படித்த பிள்ளைகள் இன்னொன்றும் சொல்வார்கள். காந்தி சட்டத்தை மீறவில்லையா? ராஜாஜி மீறவில்லையா? மீறினார்கள். சேலத்தில் வக்கீலாக இருந்து, சேலம் நகராட்சிக்குத் தலைவராகவும் இருந்த ராஜாஜி, 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்து புறப்பட்டு வேதாரண்யம் போய் உப்பு எடுத்தார். வரி கட்டாத உப்பு. ஆனால் எப்படி எடுத்தார்? போகிற தேதியைச் சொல்லி, போகிற வழியைச் சொல்லி, ஊரறிய, போலீஸ் பார்க்க எடுத்தார். எடுத்துவிட்டு ஓடவில்லை. கைதானார், ஜெயிலுக்குப் போனார். வரியைக் கட்டவில்லை, விலையைக் கட்டினார். ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னால் குனிந்து போனவன் ராஜாஜியின் பெயரைச் சொல்ல வாய் கூசவேண்டும். வாசலில் நின்று, இந்த டிக்கெட் விலை அநியாயம், கட்டமாட்டேன், உள்ளேயும் வரமாட்டேன் என்று சொல்லிப் பார், நானும் வந்து உன் பக்கத்தில் நிற்கிறேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் இதுதான் என்னை அதிகம் சுடுகிறது. கட்ட முடிந்தும் கட்டாதவன் இருக்கிற இதே நாட்டில், கட்டுகிறேன் என்று கெஞ்சியும் வாங்கிக்கொள்ளப்படாதவர்கள் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். பாபி கிப் என்ற அமெரிக்கப் பெண் 1966-இல் பாஸ்டன் மராத்தானுக்கு விண்ணப்பம் அனுப்பினாள். பெண்ணால் அவ்வளவு தூரம் ஓட முடியாது என்று எண் தர மறுத்தார்கள். அவள் ஓட்டம் தொடங்குகிற இடத்துக்குப் பக்கத்தில் புதரில் ஒளிந்திருந்து, பாதி ஆண்கள் ஓடிப்போனபின் சேர்ந்துகொண்டு கடைசிவரை ஓடி முடித்தாள். முப்பது வருஷம் கழித்து, 1996-இல், அதே மராத்தான்காரர்கள் அவளை 1966-ஆம் வருஷத்துப் பெண்கள் வெற்றியாளராக ஏற்றுக்கொண்டார்கள். இன்று சேலத்திலும் ஈரோட்டிலும் நடக்கிற ஓட்டங்களில் நெஞ்சில் எண் குத்தாமல் நடுவில் நுழைந்து, வாழைப்பழத்தையும் தண்ணீரையும் வாங்கிக்கொண்டு, மெடலுக்கும் கை நீட்டுகிற தம்பிகள் அவள் பெயரைச் சொல்கிறார்கள். அவளுக்கு எண் மறுக்கப்பட்டது. உனக்கு யாரப்பா மறுத்தார்கள்?

தூரத்துக் கதை வேண்டாம் என்றால் நம் ஊர்க் கோயில்களுக்கு வாருங்கள். எத்தனை கிராமங்களில் ஒரு தெருக்காரர்களிடம் மட்டும் பண்டிகை வரி வாங்காமல் விட்டுவிடுகிறார்கள்? கருணையால் விடுகிறார்கள் என்றா நினைக்கிறீர்கள்? வரி வாங்கினால் பங்கு கொடுக்கவேண்டும், தேர் அந்தத் தெருவுக்கும் போகவேண்டும், பரிவட்டப் பேச்சில் அவர்களுக்கும் ஒரு குரல் வந்துவிடும். அதனால் வாங்குவதில்லை. எங்களிடமும் வரி வாங்குங்கள் என்று கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் மனு தூக்கிப் போன மக்கள் இந்த மாநிலத்தில் உண்டு. கட்டுவது என்பது பங்காளி ஆவது. அதற்காக ஒருவன் மனுவோடு நடையாய் நடக்கிறான். பங்காளியாகவே பிறந்த நாம் அதைக் கட்டாமல் தப்பிப்பதைக் கெட்டிக்காரத்தனம் என்கிறோம். வரி வாங்க மறுக்கிற கையும் வரி கொடுக்க மறுக்கிற கையும் ஒரே ஊரில்தான் இருக்கின்றன. இரண்டுக்கும் நாம் எல்லாரும் சேர்ந்துதான் பதில் சொல்லவேண்டும்.

வசதி இல்லாதவன் என்ன செய்வான் என்று கேட்பீர்கள். அதற்கும் நம் பெரியவர்கள் வழி வைத்திருந்தார்கள். புருஷனை இழந்து தனியாக இருக்கிறவளுக்குப் பல ஊர்களில் அரை வரி. நொடித்துப்போன வீட்டுக்குச் சில வருஷம் வரியே இல்லை, நோட்டில் பெயர் மட்டும் இருக்கும். இல்லை என்று வாசலில் சொல்கிறவனை இந்த ஊர் எந்தக் காலத்திலும் விரட்டியதில்லை. சொல்லாமல் பின்பக்கம் வருகிறவனைப் பற்றித்தான் பேசுகிறேன். சேலத்துக்கு முந்நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டு போனவனைப் பற்றிப் பேசுகிறேன்.

காசை விடுங்கள், தலைக்கணக்கைப் பாருங்கள். நம் கல்வராயன் மலையடிவாரத்தில் ஆணைவாரி முட்டல் அருவி இருக்கிறது. வனத்துறைக்காரர்கள் சீட்டு கிழித்து உள்ளே விடுகிறார்கள். 2021 அக்டோபரில் அங்கே திடீரென்று காட்டாற்று வெள்ளம் வந்து, ஒரு தாயும் கைக்குழந்தையும் பாறையில் மாட்டிக்கொண்டதும், இளைஞர்கள் உயிரைக் கொடுக்கத் துணிந்து கயிறு கட்டி ஏற்றியதும் நாடே பார்த்தது. ஒரு பைசா எதிர்பார்க்காமல் இறங்கிய பிள்ளைகள் அவர்கள், நம் பக்கத்துப் பிள்ளைகள். அப்படி ஒரு வெள்ளம் மறுபடி வருகிற நாளில், உள்ளே எத்தனை பேர் என்று வாசலில் இருப்பவர் சீட்டுக் கட்டைப் பார்த்துத்தான் சொல்லமுடியும். வேலிப் பக்கமாகப் புகுந்தவனை யார் தேடுவார்கள்? 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி ஸ்டேடியத்தின் வாசல்களில் கிரிக்கெட் வெற்றி விழாவுக்கு வந்த பதினோரு பேர் நசுங்கிச் செத்தார்கள். உள்ளே இடம் சுமார் 35,000 பேருக்கு. வெளியே திரண்டது லட்சக்கணக்கில். செத்தவர்கள்மேல் ஒரு சொல் குற்றம் சொல்லமாட்டேன், நடத்தியவர்கள் பதில் சொல்லட்டும். ஆனால் கணக்கில் வராத தலைகள் ஒரு வாசலில் சேர்ந்தால் என்ன ஆகும் என்று இனிமேலும் யாராவது வந்து நமக்குச் சொல்லித்தர வேண்டுமா? வருகிற பண்டிகையில் நம் வாசலிலா அதைக் கற்றுக்கொள்ளவேண்டும்?

இப்போது என் கணக்கு.

எனக்குப் பதினோரு வயது. ஊருக்கு வெளியே ஒரு டென்ட் கொட்டாய். தரை டிக்கெட் இருபத்தைந்து காசு. பிள்ளையார் பாட்டு போட்டுவிட்டால் படம் தொடங்கப்போகிறது என்று அர்த்தம். அந்தப் பாட்டு முடிவதற்குள் பின்பக்கம் போய், படுதாவைத் தூக்கி, மண்ணில் ஊர்ந்து உள்ளே போய், மணலைக் குவித்து மேலே உட்கார்ந்துவிடுவேன். அந்த ஒரு வருஷத்தில் ஏழு முறை. எண்ணி வைத்திருந்தேன். ஒன்றே முக்கால் ரூபாய்.

பிறகு கொட்டாய் போனது. நான் படித்து வாத்தியார் ஆனேன், நீதிபோதனை வகுப்பும் எடுத்தேன். அந்தக் கொட்டாயில் கேட்டில் நின்று டிக்கெட் கிழித்தவர் பிற்பாடு டீக்கடை வைத்தார். பள்ளிக்கூடத்துக்கு அந்த வழியாகத்தான் போவேன். தினமும் அங்கே டீ குடிப்பேன். சொல்லிவிடவேண்டும், சொல்லிவிடவேண்டும் என்று நினைத்தே பதினெட்டு வருஷம் டீ குடித்தேன். 2012-இல்தான் வாய் வந்தது. ஏழு தடவை படுதா தூக்கி வந்தேன் அண்ணே என்றேன்.

அவர் டீ ஆற்றுவதை நிறுத்தவில்லை. "ஏழா? நான் எட்டுன்னுல்ல கணக்கு வச்சிருந்தேன்" என்றார்.

எனக்கு முகம் செத்துப்போனது. எப்படித் தெரியும் என்றேன். ஊர்ந்து வந்த பையனுக்கு முட்டியெல்லாம் செம்மண் இருக்குமாம். இன்டர்வெல்லில் முதலாளி வந்து தலையை எண்ணுவாராம். டிக்கெட் கட்டையும் தலையும் ஒத்துப்போகவில்லை என்றால் இவர் கூலியில் பிடிப்பாராம். "வாத்தியார் மகனாச்சே, புடிச்சுக் குடுத்தா உங்கப்பா தோலை உரிச்சுடுவாரேன்னு உட்டுட்டேன் கண்ணு."

ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. சிரித்துக்கொண்டே, "குடுக்கறதா இருந்தா அந்த இருபத்தஞ்சு காசாவே குடேன்" என்றார். வேடிக்கைக்குத்தான் சொன்னார். ஆனால் அது முந்தின வருஷமே செல்லாமல் போயிருந்தது. 2011 ஜூன் 30 முதல் இருபத்தைந்து காசும் அதற்குக் கீழ் உள்ளவையும் செல்லாது என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது. கடன் இருக்கிறது, கட்ட வேண்டியவன் இருக்கிறேன், வாங்க வேண்டியவர் எதிரில் நிற்கிறார், நாணயம் இல்லை. அன்றைக்கு அந்த ஒன்றே முக்கால் ரூபாய் அவர் வீட்டில் எத்தனை நாளைக்கு அரிசியாக இருந்திருக்கும் என்று இன்று நான் கணக்குப் போட்டு என்ன ஆகப்போகிறது? டீக்குக் காசை மட்டும் வாங்கிக் கல்லாவில் போட்டுக்கொண்டார்.

அதனால்தான் ஊராரே, இப்படிக் கத்துகிறேன். கொடுப்பதற்குக் காலம் உண்டு, அது போய்விடும். வாங்குகிறவர் இருக்கும்போதே கொடுங்கள். வாங்குகிற காசு செல்லும்போதே கொடுங்கள். கச்சேரிக்குக் குனிந்து போனவர்கள் அதை நடத்தியவரைத் தேடிப்போய்க் கொடுங்கள், வாங்கமாட்டேன் என்றால் அடுத்த கச்சேரிக்கு வசதி இல்லாத ஒருவனுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுங்கள். சிரித்த பெரியவர்கள், நானும் உங்களோடு பெஞ்சில் இருந்து அன்று வாய் திறக்காமல் வந்தவன்தான், இந்த வாரமே அன்று சிரித்த டீக்கடைக்குப் போய், டிக்கெட் எடுத்த அந்த இரண்டு பையன்கள் காது கேட்க, நாங்கள் சிரித்தது தப்பு என்று சொல்லுவோம். அவர்கள் இன்னும் தலையைக் குனிந்துகொண்டுதான் டீ குடிக்கிறார்கள். இன்னொரு மாதம் விட்டால் அவர்களும் தடுப்பை நகர்த்தக் கற்றுக்கொள்வார்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மாரியம்மன் பண்டிகைக்கு வரி நோட்டோடு வீடு வீடாக வருகிறார்கள். இருந்தால் கொடுங்கள், இல்லை என்றால் வாசலில் நின்று இல்லை என்று சொல்லுங்கள். உள்ளறையில் இருந்துகொண்டு, "அப்பா வீட்ல இல்லைன்னு சொல்லு" என்று பிள்ளையை வாசலுக்கு அனுப்பிவிடாதீர்கள்.